முதல் போன் யாருக்கு?

சிவகாசிப் பட்டாசுக் கடைகளின் இணையதளம் எதைத் திறந்தாலும் விலைப்பட்டியலுக்கு மேலே ஓர் அறிவிப்பு இருக்கும். இணையவழிப் பட்டாசு விற்பனைக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது, அதை மதிக்கிறோம், ஆகவே வேண்டிய ரகங்களைத் தேர்ந்தெடுத்து விசாரணையாக மட்டும் அனுப்புங்கள், மீதியைப் போனில் பேசிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கடைக்குக் கடை வாசகம்கூட அவ்வளவாக மாறாது. அதற்குக் கீழே லட்சுமி வெடி, தரைச்சக்கரம், புஸ்வாணம், கிஃப்ட் பாக்ஸ் என்று வரிசை கட்டி நிற்கும். எண்பது சதவீதத் தள்ளுபடி இருக்கும். கடைசியில் பெயர், கைபேசி எண், முகவரி, ஊர், பின்கோடு கேட்கும் கட்டங்கள். நிரப்பி அனுப்பினால் வாட்ஸ்அப்பில் 'எஸ்டிமேட்' வரும். ஜிபேயில் பணம் போட்டால் சில நாளில் லாரி ஆபீஸிலிருந்து பெட்டி வந்திருப்பதாகக் கூப்பிடுவார்கள்.

அங்கே நடந்தது இணைய விற்பனையா இல்லையா என்பதை வழக்கறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். வாங்குபவரின் பெயரும் எண்ணும் வீட்டு முகவரியும், அவர் எவ்வளவு ரூபாய்க்கு வாங்குகிறவர் என்ற கணக்கும் ஏதோ ஒரு சர்வரில் போய்ச் சேர்ந்துவிட்டன என்பதில் மட்டும் வழக்குக்கு இடமில்லை.

அந்தப் பட்டியலுக்குச் சந்தையில் மதிப்பு உண்டு. தீபாவளி நெருங்கும்போது போலிப் பட்டாசு இணையதளங்கள் தலைகாட்டுவது ஆண்டு வழக்கமாகிவிட்டது. சமூக ஊடகத்தில் பாதி விலை விளம்பரம், வாட்ஸ்அப்பில் தேனாகப் பேச்சு, பணம் போனதும் எண் அணைந்துவிடும். 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு காவல் துறையின் சைபர் குற்றப் பிரிவு இதுபற்றிப் பொதுமக்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. முகம் தெரியாத ஆயிரம் பேருக்குத் தூண்டில் போடும் மோசடிக்காரனுக்கு, போன ஆண்டு சிவகாசியில் வாங்கியவர்கள் யார் யார் என்ற பட்டியல் கிடைத்தால் எப்படியிருக்கும்? "சார், போன வருஷம் நம்மகிட்ட ஆறாயிரத்துக்கு எடுத்தீங்களே, அதே கடைதான், நம்பர் மட்டும் மாறியிருக்கு" என்று ஒரு குரல் சொன்னால் யாருக்குச் சந்தேகம் வரும்?

பட்டியல் வெளியே போய்விட்டது என்று ஒரு நாள் காலையில் கடைக்காரருக்குத் தெரியவருகிறது. முதல் போன் யாருக்கு? இணையதளம் செய்து கொடுத்த பையனுக்கு, ஆடிட்டருக்கு, சங்கத்தில் பெரியவர் ஒருவருக்கு, தெரிந்த வக்கீலுக்கு என்றுதான் பெரும்பாலும் போகும். வாசலை அடைக்கச் சொல்லி அந்தப் பையனுக்கு ஒரு போன் போகட்டும், தவறில்லை. அடுத்த போன் பட்டியலில் உள்ள வாடிக்கையாளருக்குப் போக வேண்டும், அதுவும் அன்றைக்கே. மற்ற எல்லாரும் அதற்குப் பிறகுதான் என்பது என் கட்சி.

கோடிக்கணக்கில் புரளும் நிறுவனங்களே இதில் தடுமாறுகின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தில் நடந்தது நமக்கு மிக அருகில் உள்ள பாடம். சில கிளெய்ம் விவரங்கள் கசிந்திருப்பதாகச் சொல்லப்படுவதை விசாரித்து வருகிறோம் என்று 2024 ஆகஸ்டில் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்குத் தெரிவித்தது. செப்டம்பர் 20 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் விஷயத்தைப் போட்டு உடைத்தது. டெலிகிராமில் இரண்டு சாட்பாட்கள் ஸ்டார் ஹெல்த் பாலிசிதாரர்களின் ஆவணங்களைக் கேட்பவருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தன. பெயர், முகவரி, போன் எண், அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, நோய் விவரம் எல்லாம் அதில் இருந்தன. ஸென்ஸென் என்ற புனைபெயரில் இயங்கிய ஹேக்கர், 3.1 கோடிப் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாகக் கூறிக்கொண்டார். பெரிய அளவில் பாதிப்பில்லை, முக்கியமான விவரங்கள் பத்திரமாக இருக்கின்றன என்றது நிறுவனம். ராய்ட்டர்ஸ் தேடிப் பிடித்துப் பேசிய பாலிசிதாரர்களோ, கசிவு பற்றித் தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றார்கள்.

அடுத்து, டெலிகிராம் மீதும் ஹேக்கர் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நிறுவனம் இடைக்கால உத்தரவு வாங்கியது. 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்தது அக்டோபரில் வெளியே வந்தது. புகார் கொடுத்தது சரி, பங்குச் சந்தைக்குச் சொன்னது சரி, நீதிமன்றம் போனதும் சரி. ஆனால் தன் சர்க்கரை அளவும் சிறுநீரகப் பரிசோதனையும் டெலிகிராமில் சுற்றுகிறது என்பதை ஒரு பாலிசிதாரர் செய்தியாளர் சொல்லித்தானா கேட்டுத் தெரிந்துகொள்வது? பிரீமியம் கட்டும் தேதி நெருங்கினால் நினைவூட்ட எத்தனை குறுஞ்செய்தி வருகிறது! இதற்கு ஒன்று அனுப்பியிருக்கலாம்.

சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு ஒரு வரி மனப்பாடம். 'போர்மேன் கைது, தலைமறைவான உரிமையாளரைப் போலீஸார் தேடி வருகின்றனர்.' 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் சுமார் நாற்பது உயிர்கள் பறிபோன விபத்துக்குப் பின்னும், வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கம் ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பின்னும் இந்த வரியின் ஏதாவது ஒரு வடிவத்தைப் படித்திருக்கிறோம். ஓடுவதற்கு அவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். கூட்டம் கூடிவிடும், கைதாவோம், இழப்பீட்டுத் தொகையைப் பேசி முடிக்கும்வரை முகம் காட்ட வேண்டாம் என்று யோசனை சொல்லவும் ஆள் இருப்பார்கள். இந்தப் பழக்கம் தகவல் கசிவுக்கு அப்படியே இடம்பெயர்ந்தால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. வெடிவிபத்தை ஐந்து மைல் தூரத்துக்குப் புகையே சொல்லிவிடும். கசிவுக்குச் சத்தம் கிடையாது. கடைக்காரர் வாயைத் திறக்காவிட்டால் மதுரையில் பணத்தை இழந்தவருக்கு அது எங்கிருந்து வந்த வினை என்று கடைசிவரை தெரியாது.

பட்டாசுக்காரரைவிடச் சிக்கலான நிலையில் யாரும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018 அக்டோபர் 23 உத்தரவின்படி இணையதளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது. 'எங்கள் இணையதளத்தில் ஆர்டர் கொடுத்தவர்களின் பட்டியல் திருடுபோய்விட்டது' என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது, தன் மேலேயே ஒரு புகார் எழுதிக் கொடுப்பது போலத்தான். அந்த அச்சத்தில் அவர் மூடி மறைப்பார். மறைப்பார் என்று தெரிந்தே திருடன் அவரைத் தேர்ந்தெடுப்பான். மிரட்டிப் பணம் பறிக்க, போலீஸுக்குப் போக முடியாதவனைவிட வசதியான ஆள் கிடைப்பானா?

இதற்கு அரசுதான் ஒரு வழி சொல்ல வேண்டும். கசிவு பற்றிக் கொடுக்கும் தகவலை, கொடுத்தவர் மீதே விற்பனை வழக்குப் போடப் பயன்படுத்த மாட்டோம் என்று சைபர் குற்றப் பிரிவு வெளிப்படையாக அறிவித்தால் என்ன? உத்தரவை மீறுகிறவர்களுக்கு எதற்குச் சலுகை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இது கடைக்காரருக்காகக் கொடுக்கும் சலுகை ஆகாது. பட்டியலில் இருக்கும் ஈரோட்டுக்காரரும் ஹோசூர்க்காரரும் எந்த உத்தரவையும் மீறவில்லை. கடைக்காரரின் பயத்துக்கான விலையை அவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டம் பெரிய கம்பெனிக்குத்தான் என்று நினைப்பவர்கள் ஊரில் நிறைய. மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. கசிவு, கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் போன்ற கடுமையான சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்த ஆணை. அதில் வரும் 'நிறுவனம்' என்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் தரும் பொருளில் கூட்டு வியாபாரமும் அடங்கும், ஒருவரே நடத்தும் கடையும் அடங்கும். அடுத்து, 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின; முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. கசிவு தெரிந்ததும் தாமதமில்லாமல் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் உடனே சொல்லி 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் கொடுக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். போதிய பாதுகாப்பு வைக்காமல் கசியவிட்டால் 250 கோடி வரை. திருட்டு மட்டும் கணக்கில்லை, கம்ப்யூட்டரில் உள்ளதைத் திறக்க முடியாமல் பூட்டிப்போட்டாலும் சட்டப்படி அது கசிவோடுதான் சேர்த்தி.

இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. அபராதம் முழுவதும் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது, பணத்தை இழந்தவருக்கு ஒரு பைசா கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க வழி செய்த 43ஏ பிரிவையும் 2027-ல் எடுத்துவிடப் போகிறார்கள். இருந்தாலும் ஒரு நல்ல அம்சத்தைச் சொல்ல வேண்டும். அபராதத்தை நிர்ணயிக்கும்போது, பாதிப்பைக் குறைக்க நிறுவனம் என்ன செய்தது, எவ்வளவு சீக்கிரம் செய்தது என்று வாரியம் பார்க்க வேண்டும். ஆக, வாய் திறந்தவருக்கும் மூடியவருக்கும் சட்டமே வித்தியாசம் வைத்திருக்கிறது.

சரி, நடைமுறைக்கு வருவோம். விருதுநகரில் பருப்போ வற்றலோ மல்லியோ மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கமிஷன் கடையை எடுத்துக்கொள்வோம். காலையில் கணக்குப்பிள்ளை டேலியைத் திறக்கிறார், திறக்கவில்லை. கோப்புகளின் பெயரெல்லாம் வாய்க்குள் நுழையாத எழுத்துகளாக மாறியிருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரு கடிதம், பிட்காயின் கேட்டு. எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி, எந்த லோடு எங்கே நிற்கிறது, எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது. வழக்கமாக என்ன நடக்கும்? கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் தம்பியைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து ஃபார்மேட் அடித்து, விண்டோஸ் போட்டு, பென் டிரைவில் இருந்த பேக்கப்பைச் செருகிப் பார்ப்பார். பென் டிரைவ் நேற்றுவரை அதே கம்ப்யூட்டரில்தான் செருகியிருந்தது என்பதால் அதுவும் போயிருக்கும். முக்கியமாக, உள்ளே வந்தவன் எந்த வழியில் வந்தான், பூட்டியதோடு போனானா, நகலும் எடுத்துப் போனானா என்று சொல்லும் தடயம் எல்லாம் அந்த ஃபார்மேட்டோடு அழிந்துவிடும். அதன் பிறகு, என்னென்ன போயிற்று என்று யாருக்கும் உண்மையாகச் சொல்லவே முடியாது.

செய்ய வேண்டியது இதைவிட எளிது. நெட் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், ஆனால் கம்ப்யூட்டரை அணைக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக வைத்திருக்கும் பேக்கப்பை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். மின்னஞ்சல், வங்கி, இணையதளம், வாட்ஸ்அப் ஆகியவற்றின் பாஸ்வேர்டுகளை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்தே கிடந்திருந்தால் அதையும் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930. செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல், மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தில் புகார். கேட்ட பணத்தைக் கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்ற யோசனைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். பணம் வாங்கியவன் நகலை அழித்துவிட்டான் என்பதற்கு அவன் வாய் வார்த்தையைத் தவிர என்ன அத்தாட்சி?

இதையெல்லாம் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வாடிக்கையாளருக்கு எழுத வேண்டும். முழு விவரம் தெரியட்டும் என்று காத்திருந்தால் வாரம் ஓடிவிடும். பட்டாசுக் கடைக்காரர் இப்படி எழுதலாம்:

'வணக்கம். எங்கள் கடையின் ஆர்டர் பட்டியல் வெளியாள் கையில் போய்விட்டது என்று இன்று காலை தெரிந்தது. அதில் உங்கள் பெயர், போன் நம்பர், முகவரி, நீங்கள் வாங்கிய தொகை இருக்கின்றன. உங்கள் வங்கி விவரமோ ஜிபே பின்னோ எங்களிடம் கிடையாது, அதனால் அவை போகவில்லை. எங்கள் பெயரைச் சொல்லி வேறு நம்பரிலிருந்து யார் பணம் கேட்டாலும் அனுப்ப வேண்டாம். எங்கள் கணக்கு மாறவில்லை. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் பழைய பில்லில் இருக்கும் நம்பரில் எங்களிடமே கேளுங்கள். வேறு ஏதும் தெரியவந்தால் மறுபடி எழுதுகிறோம். இப்படி நடந்ததற்கு வருந்துகிறோம்.'

புதிய விதிகள் கேட்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான்: என்ன நடந்தது, அதனால் என்ன ஆகலாம், நாங்கள் என்ன செய்கிறோம், நீங்கள் என்ன செய்ய வேண்டும், யாரிடம் பேசலாம். எழுத ஐந்து நிமிஷம் போதும். பெங்களூருவுக்கும் ஹைதராபாத்துக்கும் சரக்கு அனுப்புகிறவர் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம். 'தங்கள் பாதுகாப்பே எங்கள் முன்னுரிமை' என்று தொடங்கும் கடிதங்களை மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். அப்படித் தொடங்கும் கடிதத்தில் விஷயம் இருந்து நான் பார்த்ததில்லை.

இப்படிச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடாதா? நார்வே நாட்டு அலுமினிய நிறுவனமான நார்ஸ்க் ஹைட்ரோவைப் பார்க்கலாம். 2019 மார்ச் 19 அன்று அதன் கணினிகளை ரான்சம்வேர் முடக்கியது. நாற்பது நாடுகளில் தொழிற்சாலை, முப்பத்தைந்தாயிரம் ஊழியர்கள். அன்றைக்கே செய்தியாளர்களைக் கூட்டி, இன்ன மாதிரித் தாக்கப்பட்டோம், பணம் கொடுக்கப் போவதில்லை, பேக்கப்பிலிருந்து மீட்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். சொந்த இணையதளம் இயங்காததால் ஃபேஸ்புக்கில் நிலவரம் போட்டார்கள். கணினியை இணைக்காதீர்கள் என்று காகிதத்தில் எழுதி வாசல்களில் ஒட்டினார்கள். ஆர்டர்களைக் காகிதத்தில் பார்த்து வேலையை ஓட்டினார்கள். கோடிக்கணக்கில் நஷ்டம் வந்தது, உண்மைதான். ஆனாலும் இன்றுவரை உலகம் முழுக்க நல்ல உதாரணமாக அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் ஊபர். 2016-ல் 5.7 கோடிப் பேர் விவரம் திருடுபோனதை, ஹேக்கர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து ஓராண்டு மறைத்தது. அதன் பாதுகாப்புத் தலைவராக இருந்தவரை 2022-ல் அமெரிக்க நீதிமன்றம் குற்றவாளி என்றது. மறைத்ததற்காக.

வாடிக்கையாளரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம் எதிலும் அதைவிட ஆபத்தான பட்டியல் ஒன்று இருக்கிறது: வேலை செய்கிறவர்களின் ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பி.எஃப். எண், போட்டோ. பாதி ஆலைகளில் இவை கணக்கரின் கைபேசி கேலரியில், பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே கிடக்கின்றன. ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் போகின்றன. கூலித் தொழிலாளியின் ஆதாரையும் பான் அட்டையையும் வைத்துப் போலி ஜி.எஸ்.டி. நிறுவனம் தொடங்கி, கடைசியில் அவர் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்த செய்திகள் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. பட்டாசு வாங்கியவருக்காவது கேட்க வாயிருக்கிறது, நுகர்வோர் மன்றம் இருக்கிறது. திரி சுற்றும் பெண்ணுக்கு, தன் ஆதார் நகல் எங்கெங்கே போயிற்று என்று யார் சொல்வார்கள்? கணக்கரின் போன் தொலைந்துபோனால் அதுவும் கசிவுதான். அன்று மாலை வேலை முடிந்து வேன் ஏறும் முன் அவர்களை நிறுத்தி வைத்துச் சொல்ல வேண்டும்; எழுதிப் போட்டால் எல்லாரும் படிக்க மாட்டார்கள்.

எவ்வளவு குறைவாக வைத்திருக்கிறோமோ அவ்வளவு குறைவாகத்தான் போகும். இதைச் சிவகாசிக்கு வெளியூர்க்காரன் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கும் ஊர் இது. ஒன்று வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டும் என்பதற்காகத்தான். மூன்று தீபாவளிக்கு முந்தைய ஆர்டர் பட்டியலை இன்னும் அதே சர்வரில் வைத்திருப்பவர், கலந்த மருந்தை மூன்று வருஷமாக மூடி வைத்திருக்கிறார்.

விதியை மீறினால் எங்கே போய் முடியும் என்பதும் தெரிந்ததுதான். 2021 பிப்ரவரி 12 அச்சன்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்துக்குப் பின், உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்ளே அறைகள் பலருக்கு உள்குத்தகைக்குப் போயிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. தகவலும் இன்று உள்குத்தகையில்தான் இருக்கிறது. பட்டாசுக் கடை இணையதளங்களில் பல ஒரே அச்சில் வார்த்தவை என்பது பார்த்தாலே தெரியும். செய்து கொடுத்தவர் ஒருவர், சர்வர் அவருடையது, பாஸ்வேர்டும் அவரிடம். ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் எத்தனை கடை சேர்ந்து போகும்? 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற ஒரே தொழில்நுட்ப நிறுவனத்தை ரான்சம்வேர் தாக்கியபோது, அதை நம்பியிருந்த 300 அளவிலான கூட்டுறவு, கிராம வங்கிகளின் பணப் பரிமாற்றத்தைத் தற்காலிகமாகத் துண்டிக்க வேண்டிவந்தது. இணையதளக்காரரிடம் ஒப்பந்தம் எழுதும்போது, கசிவு தெரிந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் எனக்குச் சொல்வாய் என்று ஒரு வரி சேர்க்கச் செலவு ஏதும் இல்லை. ஒப்பந்தமே எழுதாமல் வாய்ப்பேச்சில் நடக்கும் இடங்களில், முதலில் அதை எழுதட்டும்.

தனிக் கடைக்காரரால் இதையெல்லாம் செய்ய முடியாது என்றால் சங்கங்கள் எதற்கு இருக்கின்றன? பட்டாசு உற்பத்தியாளர் சங்கமான டான்ஃபாமா இருக்கிறது, வணிகர் சங்கங்கள் இருக்கின்றன, அச்சக உரிமையாளர் சங்கம் இருக்கிறது. பட்டாசில் பேரியம் சேர்ப்பதற்கான தடைக்கும் பசுமைப் பட்டாசுக்கும் டெல்லிவரை போய் வழக்காடத் தெரிந்தவர்கள், விவரம் தெரிந்த இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்து, கசிந்துவிட்டது என்று உறுப்பினர் நள்ளிரவில் கூப்பிட்டாலும் எடுக்கும் ஓர் எண்ணை ஏற்பாடு செய்யலாம். தடயத்தை அழிக்காமல் பார்க்க ஒருவர், தகவல் அனுப்ப உதவ ஒருவர். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுத்தான் தீபாவளி விற்பனையைத் தொடங்குவார்கள். இந்த ஆண்டு அதற்குள் அந்த எண் நடைமுறைக்கு வர வேண்டும். 2027 மே வரை பொறுக்கலாம் என்பவர்கள், அதற்கு முன் வரும் தீபாவளிக்கு ஆர்டர் கொடுக்கப்போகிறவர்களிடம் அதைச் சொல்லிவிட்டு அவர்களின் கைபேசி எண்ணை வாங்கட்டும்.